பாம்புக்காது

அக்காவின் கணவருக்கு இலாகாவில் ‘பாம்புக்காது’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை. முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள், அவருக்கும் அதில் உச்சி குளிர்ந்துபோகும். நான் மாமா என்று கூப்பிடுவேன். வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வாய் துடித்த நாட்களும் உண்டு. ஆனால் இன்றைக்கும் மாமாதான்.

குடிநீர் இலாகாவில் கசிவு பிடிப்பது அவர் வேலை. தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் மண்ணுக்கடியில் ஓடுகின்றன. எங்கேயாவது ஒரு மூட்டு விட்டுப்போனால் எல்லா நேரமும் தண்ணீர் மேலே வந்து தலைகாட்டாது. உள்ளுக்குள்ளேயே மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும். அதைக் கண்டுபிடிக்க மாமாவிடம் இருந்தது ஒரு எஃகுக் கம்பி. ஆளின் தோள் உயரம், ஒரு முனை கூர், மறுமுனையில் கடைந்தெடுத்த மரக் குமிழ். விடியற்காலையில், தெருவில் வண்டி ஓட்டம் தொடங்கும் முன், கூர்முனையை வால்வின் மேலோ சாலையின் மேலோ ஊன்றி, குமிழில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு ஆறு தப்படி நடப்பார், மறுபடி ஊன்றுவார். கடைசியில் சாக்பீஸால் தரையில் ஒரு பெருக்கல் குறி போடுவார். அங்கே தோண்டினால் கசிவு இருக்கும். ஒரு சாண் தள்ளி இருந்துவிட்டால் அன்று முழுக்க யாருக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து புது இயந்திரம் ஒன்றோடு இரண்டு இன்ஜினியர்கள் வந்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூன்று நாள் அலைந்தும் அவர்களுக்குக் கசிவு பிடிபடவில்லை. நான்காம் நாள் மாமா டீ குடித்துவிட்டுப் போய் ஏழு மணிக்குள் குறி போட்டுவிட்டு வந்தார். இலாகாவில் புதிதாகச் சேருகிற எவனும் இந்தக் கதையைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. நானும் தப்பவில்லை. நானும் அதே இலாகாவில்தான் பம்ப் ஆபரேட்டராக இருக்கிறேன், அந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்தவர் மாமா. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதை எடை போட இது தேவைப்படும்.

கசிவு பிடிக்கிறவர்களுக்கு ஒரு பதிவேடு உண்டு. தெரு, வால்வு எண், நேரம், அப்புறம் ‘சத்தம்’ என்று ஒரு கட்டம். அதில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று எழுத வேண்டும். சேர்ந்த புதிதில் மாமா கேட்டதையெல்லாம் ‘உண்டு’ என்று எழுதியிருக்கிறார். புதிதாகத் தார் போட்ட ஒரு சாலையில் அப்படி எழுதியதுதான் வினையாகப் போயிற்று. புதுச் சாலையை மூன்று வருடத்துக்கு வெட்டக் கூடாது என்று சாலை இலாகாவில் விதி. வெட்டியே ஆக வேண்டும் என்றால் அனுமதி கேட்டு ஒரு கடிதம், கடிதத்துக்கு ஒரு விளக்கம், விளக்கத்துக்கு ஒரு வரைபடம். ‘உண்டு’ என்று எழுதியவனே அந்தக் கோப்பைச் சுமந்துகொண்டு இரண்டு அலுவலகங்களுக்கும் நடக்க வேண்டும். மாமா ஐந்து மாதம் செருப்புத் தேய நடந்தார். ஆறாம் மாதம் சாலை இலாகாவில் கோப்பைத் தொலைத்துவிட்டார்கள்.

அதன் பிறகு மாமா புதுச் சாலையில் கம்பியை ஊன்றுவார், கண்ணை மூடுவார், ‘இல்லை’ என்று எழுதுவார். எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். இதற்கு இலாகாவில் ‘தார்க்காது’ என்று பெயர். ‘அவனுக்குத் தார்க்காது வந்துடுச்சு’ என்றால், ஆள் தேறிவிட்டான், இனி பயமில்லை என்று அர்த்தம். யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை, சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

நிஜமாகவே கேட்பதில்லையா, கேட்டும் எழுதுவதில்லையா என்று ஒருமுறை பேச்சோடு பேச்சாக அவரிடம் கேட்டேன். மாமா யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“மொதல்ல கேக்கும் மாப்ள. எழுதப்போறதில்லன்னு தெரிஞ்சுட்டா, கொஞ்ச நாள்ல கேக்குறதே நின்னு போயிடும். நல்லதுதான? மனசுக்கும் பாரம் இல்ல.”

அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பொய் சொல்லியிருந்தால் அவரை வெறுப்பது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டிலும் அதே காதுதான். அக்கா சமையலறையில் ‘சாப்பாடு ஆச்சு’ என்று முணுமுணுத்தால் போதும், தெருமுனையில் நின்று அரட்டை அடித்துக்கொண்டிருப்பவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்துவிடுவார். அதே அக்கா எதிரே உட்கார்ந்துகொண்டு, காஸ் தீரப்போகிறது, சிலிண்டருக்குப் பதிவு செய்யுங்கள் என்று மூன்று முறை சொன்னாலும் அவர் கையில் இருக்கும் செய்தித்தாள் அசையாது. “உங்க மாமா காதுக்குக் கதவு இருக்குடா. வேணாம்னா உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுக்குவாரு” என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மகள் கல்யாணத்தோடு அந்தச் சிரிப்பு போயிற்று. மாமா பார்த்த மாப்பிள்ளையை அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. ஃபோனில் பேசும்போதே மட்டம் தட்டுகிறான், வாயைத் திறந்தால் அதட்டுகிறான் என்று ஒரு வாரம் அழுதாள். மாமா எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டார், தலையைக்கூட ஆட்டினார். ஏழாம் நாள் அழுது களைத்துப்போய், ‘உங்க இஷ்டம்ப்பா’ என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஒரு வாரப் பேச்சில் மாமா அந்த இரண்டு வார்த்தையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார். பெண்ணே சரி என்று சொல்லிவிட்டாள் என்று அன்று சாயங்காலமே உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஃபோன் போட்டார். இப்போது அவள் வேறு ஊரில் இருக்கிறாள். அம்மாவிடம்தான் மணிக்கணக்கில் பேசுவாள். மாமா ஃபோனை வாங்கினால் ‘நல்லா இருக்கேன்ப்பா’ என்பாள். பார்த்தாயா, நன்றாக இருக்கிறாள் என்று ஃபோனை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா அதைக் கட்டியபோது அது புதுக் குடியிருப்பு. தெருவில் மெயின் குழாய் ஓடியது, ஆனால் வீடுகளுக்கு இணைப்பு கொடுக்க ஆரம்பிக்கவில்லை. மனுப் போட்டுவிட்டுக் காத்துக்கிடக்க வேண்டும். மாமா காத்திருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவே உண்டு உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மெயினில் துளை போட்டு வீட்டுக்குள் ஒரு திருட்டுக் குழாயை இழுத்துவிட்டார். குழி தோண்டியது நான்தான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, வேலை வெட்டி இல்லை, அக்கா கையால் சாப்பாடு. மாமா தோண்டு என்றார், தோண்டினேன்.

இரண்டு வருடம் கழித்து முறைப்படி இணைப்பு வந்தது. பழைய குழாயை மெயினிலேயே அடைத்திருக்க வேண்டும். அதற்கு மறுபடி தெருவைத் தோண்ட வேண்டும், நாலு பேருக்குத் தெரியும். மாமா வீட்டுப் பக்கத்து முனையில் ஒரு மூடியைத் திருகிவிட்டு, அதன் மேலேயே சமையலறைத் தரையைப் போட்டுவிட்டார். பதினெட்டு வருடம் அந்தக் குழாய், வயிறு நிறையத் தண்ணீரோடு, அக்கா நின்று சமைக்கிற இடத்துக்குக் கீழே கிடந்தது. மேலே பளபளவென்று டைல்ஸ். வருகிறவர்களுக்கெல்லாம் மாமா அந்தத் தரையைக் காட்டிப் பெருமைப்படுவார். மாடியில் எனக்கென்று இரண்டு அறை கட்டிக் கொடுத்திருந்தார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அங்கேயே தங்கிவிட்டேன். வாடகை என்ற பேச்சு ஒரு நாளும் வந்ததில்லை.

தரை இடிவதற்கு இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் அக்கா அந்தப் பேச்சை எடுத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, தரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வருகிறதாம். காலையில் ஐந்தரை மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு நின்றுவிடுகிறதாம். இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா? தினமும் அந்த ஐந்தரைக்குப் பம்பைப் போட்டு எட்டுக்கு அணைக்கிற இலாகாவில் வேலை பார்க்கிற எனக்கு, அவள் சொல்லி முடிக்கும் முன்பே விஷயம் விளங்கிவிட்டது. மெயினில் அழுத்தம் ஏறும்போது அந்த மூடி கசிகிறது, இறங்கும்போது நிற்கிறது.

மாமா கம்பியைக் கொண்டு வந்தார். சமையலறையின் நடுவில் ஊன்றி, காதை வைத்து, கண்ணை மூடினார். நான் வாசற்படியில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டால் அவருடைய கீழுதடு லேசாக உள்ளே மடங்கும், இலாகாவில் எல்லோருக்கும் அது தெரியும். மடங்கியது. நிமிர்ந்து கம்பியைத் துடைத்துக்கொண்டே, “ஒண்ணும் இல்ல. பக்கத்து வீட்டு மோட்டார்” என்றார்.

அந்த வருடம்தான் இலாகாவில் திருட்டு இணைப்பு வேட்டை தொடங்கியிருந்தது. ஊழியர்களின் வீடுகளிலிருந்தே ஆரம்பித்தார்கள். இரண்டு பேருக்கு வேலை போயிற்று. மாமாவோ மேற்பார்வையாளர் பதவிக்கான பட்டியலில் முதல் ஆள். தரையை உடைத்துக் குழாயைச் சரிசெய்ய வேண்டும் என்றால் தெரு வால்வை மூட வேண்டும். மூடினால் பதிவேட்டில் ஏறும், தெருவே வந்து ஏன் என்று கேட்கும். புதுச் சாலைக்குக் காதை மூடிக்கொண்டவர் தன் வீட்டுத் தரைக்கும் மூடிக்கொண்டார். பழகிப்போன வேலைதானே.

அக்கா விடவில்லை. தினமும் சொன்னாள். டம்ளரைத் தரையில் கவிழ்த்து அதில் காதை வைத்துக் கேட்டாள். டைல்ஸைத் தட்டி, இந்த இடம் மட்டும் உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரி ஒலிக்கிறது என்று காட்டினாள். எதிர்வீட்டு அம்மாளைக் கூட்டி வந்தாள். அந்த அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, ஏதோ கேட்கிற மாதிரிதான் இருக்கிறது என்று இழுத்தவள், மாமா வந்து நின்றதும் பேச்சை மாற்றிவிட்டாள். அண்ணனுக்கே கேட்கவில்லை என்றால் இருக்காது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். பாம்புக்காதுக்குக் கேட்காத சத்தம் வேறு யார் காதில் விழுந்தாலும் அது பிரமை. அக்கா யாரிடம் போய் முறையிடுவாள்?

என்னிடம் வந்தாள். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மாடிக்கு ஏறி வந்து, “தம்பி, நீ வந்து ஒரு தடவை கேளுடா” என்றாள். கீழே போய் நின்றேன். கேட்டது. காய்ந்த சட்டியில் தண்ணீரைத் தெளித்த மாதிரி, ஓயாமல். வாடகை இல்லாத இரண்டு அறை, மாமா வாங்கிக் கொடுத்த வேலை, அவர் மாட்டினால் கூடவே வரப்போகிற என் பெயர், எல்லாம் அந்த அரை நிமிடத்தில் வரிசை கட்டி நின்றன. ஃப்ரிட்ஜ் சத்தமாக இருக்கும் அக்கா என்றேன். அவள் போய் ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். சத்தம் அப்படியே இருந்தது. நான் மாடிக்கு ஏறிவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் மாமா அவளைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் துணைக்குப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு சுத்தமான காது அபூர்வம் என்றார். இவருக்கு ஏதாவது கேட்கிறது என்றால் அது வெளியே இருக்கிற சத்தம்தான், முதலில் வீட்டைப் பாருங்கள் என்று பொறுமையாக விளக்கினார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், இவள் சரியாகத் தூங்குவதில்லை, அதற்கு ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று நச்சரித்து ஒரு தூக்க மாத்திரைக்குச் சீட்டு வாங்கினார்.

படியிறங்கும்போதே என் தோளில் கையைப் போட்டு, “நான்தான் சொன்னேனே மாப்ள, நரம்புத் தளர்ச்சி. மாத்திரை குடுத்துட்டாரு பாரு” என்றார். டாக்டர் கால் மணி நேரம் பேசியதில் அவர் கையில் தங்கியது அந்தச் சீட்டு மட்டும்தான். அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் சொன்னது என் காதிலும் விழுந்தது என்று அவளுக்குத் தெரியும். நான் பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரங்களை ஒன்று விடாமல் படித்தேன்.

மாத்திரை அவளை மந்தமாக்கிவிட்டது. உறவுக்குள் அவளுக்குக் காதில் இரைச்சல் என்று அரசல் புரசலாகப் பேச்சு பரவியது. ஃபோனில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அவள் சத்தத்தைப் பற்றிப் பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு மாமாவே வலிய வந்து, இப்போது எப்படி இருக்கிறது, சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்டார். அக்கா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, “நின்னுடுச்சு” என்றாள்.

மாமாவுக்கு வாயெல்லாம் பல். டாக்டர் கைராசிக்காரர் என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போனார். நான் டீ டம்ளரோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மெயினில் முழு அழுத்தம் இருக்கிற நேரம் அது. தொட்டிக்கடியில் சத்தம் முன்பைவிட உரக்கவே கேட்டது. அவளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை, மணி ஆறரை இருக்கும். மாமா முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் மாடியில் சவரம் செய்துகொண்டிருந்தேன். “என்னங்க, தரை அசையுது. கொஞ்சம் வாங்களேன்” என்று அக்காவின் குரல் கேட்டது. மாமா பதில் சொல்லவில்லை. மறுபடியும் “என்னங்க” என்றாள். மாமாவைத்தானே கூப்பிடுகிறாள், போவார் என்று நான் அடுத்த கன்னத்துக்கு நுரை பூசினேன். மாடியில் இருந்த எனக்கு இரண்டு முறையும் தெளிவாகக் கேட்டது. அடுத்த அறையில் இருந்தவருக்குக் கேட்கவே இல்லையாம்.

தரை உள்வாங்கிய சத்தத்தில் மாடி அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சமையலறையில் பாதியைக் காணோம். தொட்டி சரிந்து கிடந்தது. அக்கா இடுப்பளவு குழிக்குள் சாய்ந்து கிடந்தாள், இடது காலின் மேல் கான்கிரீட் பலகை ஒன்று விழுந்து கிடந்தது, சேற்றுத் தண்ணீர் அவள் நெஞ்சுக்கு ஏறிக்கொண்டிருந்தது. மாமா வாசற்படியில் விறைத்து நின்றார். முதலில் அவர் வாயிலிருந்து வந்தது, ஓடிப்போய்த் தெரு வால்வை மூடு என்பதுதான். சரியான யோசனை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒரு கணம்கூடத் திகைக்கவில்லை. எந்தக் குழாய், எந்த வால்வு என்று அவருக்கு யோசிக்க வேண்டியே இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இடுப்பெலும்பும் இடது தொடை எலும்பும் முறிந்துபோயிருந்தன. ஆபரேஷன் நான்கு மணி நேரம் ஆகும் என்றார்கள். மாமா ஒரு மணி நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு என் முழங்கையைத் தொட்டு, “வா மாப்ள, ஒரு வேலை இருக்கு” என்றார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. போனேன். அவருக்கு வேண்டிய இரண்டு தோண்டுகிற ஆட்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மெயினில் இருந்த துளையை அடைத்தோம். பழைய குழாயைப் பிடுங்கித் துண்டு துண்டாக வெட்டிச் சாக்கில் போட்டோம். மூடியின் மரை முழுக்க அரித்துப்போயிருந்தது. மாமா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது ரொம்ப நாளா ஓடியிருக்கு” என்றார். யார் வீட்டுக் குழாயையோ பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார். அக்கா மயக்கத்தில் கிடந்த நேரம் முழுவதும் நான் அந்தச் சேற்றில்தான் நின்றிருந்தேன்.

மூன்றாம் நாளிலிருந்து உறவுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் மாமா ஒரே பாட்டைப் பாடினார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தரையை உடைச்சுப் பாத்திருப்பேன். அவளே சத்தம் நின்னுடுச்சுன்னு சொன்னா. நான் என்ன பண்ணட்டும்?”

சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, அது நடிப்பில்லை. இரண்டு வருடமாக அவள் கரடியாய்க் கத்தியதில் அவர் காதில் தங்கியது அந்த ஒரு வார்த்தை. அதைத்தான் அவர் மனதாரச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களோ அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டிலேயே இத்தனை பெரிய வித்தைக்காரர் இருக்கும்போது ஏனம்மா மறைத்தாய் என்று வைதார்கள். அக்கா மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மகள் மட்டும் வந்து அம்மா கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தாள். அப்பாவிடம் ஒரு பேச்சு பேசவில்லை.

பத்தாம் நாள் காலையில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். இலாகாவிலிருந்து உதவிப் பொறியாளர் விசாரிக்க வரப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் நரம்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் என்று மாமா டாக்டர் சீட்டை முன்கூட்டியே அவரிடம் காட்டிவிட்டதும் தெரிந்திருந்தது. இனி அவள் என்ன சொன்னாலும் யாரும் அதைக் கணக்கில் எடுக்கப்போவதில்லை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சொன்னேன்னு நீ மட்டும் சொல்லிடுடா. யாரையும் மாட்டிவிட வேணாம். நான் பைத்தியம் இல்ல, நான் சொன்னேன், அது நெஜம். அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

சரி என்றேன். அந்த நேரத்தில் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

உதவிப் பொறியாளர் சின்ன வயதுக்காரர், விவரமானவர். மாமாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். குழியை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார். கோப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்த மண்ணு ஒரு நாள்ல கரைஞ்சதில்ல. வருஷக்கணக்கா தண்ணி ஓடியிருக்கு. வீட்ல இருக்கறவங்களுக்குச் சத்தம் கேட்டிருக்கணும். உங்க அக்கா எப்பவாவது ஏதாவது சொன்னாங்களா?”

இரண்டு வருடமாக யாரும் கேட்காத கேள்வியை யாரோ ஒரு மூன்றாம் மனிதர் வந்து கேட்டுவிட்டார். அக்கா மின்விசிறியிலிருந்து பார்வையை எடுத்து என் பக்கம் திரும்பினாள். ‘சொன்னாள்’ என்றால் அடுத்த கேள்வி, யாரிடம் சொன்னாள். அதற்கடுத்த கேள்வி, நீ என்ன செய்தாய். அதற்கும் அடுத்தது அந்தச் சாக்கும் குழாயும், அங்கிருந்து இருபது வருடத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போகும். கதவுக்கு வெளியே மாமாவின் செருப்பு தெரிந்தது, அசையாமல்.

“இல்ல சார். எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல” என்றேன்.

அவர் பேனாவை ஊன்றியபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா என்று கேட்டார்.

“அவன் சொல்றது சரிதான் சார். எழுதிக்கோங்க” என்றாள் அக்கா.

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை, காறித் துப்பியிருந்தால் இன்னும் தேவலை. என் சட்டையைப் பிடித்திருந்த கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் எழுதி முடித்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

தெரு மெயினின் பழைய மூட்டு விட்டுப்போனதுதான் காரணம் என்று அறிக்கை வந்தது. இலாகாவே ஆள் அனுப்பிச் சமையலறைக்குப் புதுத் தரை போட்டுக் கொடுத்தது. இரண்டு மாதத்தில் மாமா மேற்பார்வையாளர் ஆனார். இப்போது தெருவில் அலைய வேண்டியதில்லை, மற்றவர்கள் எழுதி வருகிற ‘உண்டு’, ‘இல்லை’க்குக் கீழே கையெழுத்துப் போட்டால் போதும். பெயர் என்னவோ இன்னும் பாம்புக்காதுதான்.

அக்கா கைத்தடியோடு நடக்கிறாள். மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி எவ்வளவோ கூப்பிட்டும் போகவில்லை. மருமகன் வீட்டில் மகள் படுகிற பாட்டோடு தன் பாட்டையும் சேர்த்துச் சுமக்க வைக்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம், அவள் சொல்லவில்லை. என்னோடு பேச்சை நிறுத்திக்கொள்ளவும் இல்லை. சாப்பிட்டாயா, இன்றைக்கு எந்த ஷிஃப்ட், சட்டையில் பட்டன் தெறித்துவிட்டதே என்று எப்போதும் போல விசாரிக்கிறாள். தன்னைப் பற்றி மட்டும் ஒரு சொல் வருவதில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, கால் வலிக்கிறதா அக்கா என்று கேட்கிறேன். அவள் அடுப்பு மேடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்வையாக நின்றபடி, “இல்லடா” என்கிறாள். எனக்கும் நேரமாகிவிடுகிறது. சரி அக்கா என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.